பெட்டி மாறும்போது தரவு தொலையாமல் இருக்க: நாஸ் கோளாறுகள், அறிகுறி வாரியாக

கார்த்திகை மாதத்தில் ஒரு ராத்திரி ஏற்காட்டிலிருந்து மாமா அழைத்தார். "மாப்பிள்ளை, புதுப் பெட்டியில் பழைய டிஸ்க் இரண்டையும் போட்டுவிட்டேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்கட்டுமா என்று கேட்கிறது. சரி என்று கொடுத்துவிடட்டுமா?"

"முதலில் மவுஸிலிருந்து கையை எடுங்கள் மாமா" என்றேன்.

ஐப்பசி இடிமழையில் அவருடைய பழைய நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் இருந்தபடி எல்லோருடைய கோப்புகளையும் சேமித்துவைக்கும் டிஸ்க் பெட்டி) போய்விட்டது. பெட்டிதான் போனது, டிஸ்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காப்பித் தோட்டத்தின் பன்னிரண்டு வருடக் கணக்கும், என் அக்கா எடுத்துச் சேர்த்த படங்களும் அந்த இரண்டு டிஸ்கில்தான் இருந்தன, வேறெங்கும் இல்லை. அதே மாதத்தில் நானும் சேலத்தில், அஸ்தம்பட்டி வீட்டில், பழைய பெட்டியிலிருந்து புதியதற்கு மாறிக்கொண்டிருந்தேன். எங்கள் கொலுசுப் பட்டறையின் வடிவங்களும் வீட்டுப் படங்களும் சேர்ந்து ஏறக்குறைய 3 டெராபைட். இரண்டு வீட்டிலும் வந்த கோளாறுகள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வருபவைதான். உங்களுக்கு வந்திருக்கும் அறிகுறியைத் தேடி அந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும். ஆனால் எந்தப் பகுதிக்குப் போனாலும் ஒன்றை மறக்காதீர்கள்: புதிய நகலைத் திறந்து சரிபார்க்கும் வரை பழைய டிஸ்கில் ஒரு எழுத்துக்கூட எழுதப்படக் கூடாது.

"டிஸ்கில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும்" என்று புதுப் பெட்டி கேட்கிறது

வெளியே வாருங்கள். பெட்டியை அணையுங்கள். டிஸ்கைக் கழற்றுங்கள். காரணத்தை அதன்பிறகு யோசிக்கலாம்.

பழைய டிஸ்கை அப்படியே எடுத்துப் புதுப் பெட்டியில் போடும் வழி, இரண்டும் ஒரே நிறுவனத்தின் பெட்டிகளாக இருந்தால்தான் பெரும்பாலும் நடக்கும். சினாலஜி பெட்டியின் டிஸ்கை இன்னொரு சினாலஜியில், அதே வரிசையில் போட்டால், 'இடம்பெயர்க்கலாம்' என்ற நிலையைக் காட்டும். அமைப்புகளோடு சேர்த்து மாற்றிக்கொள்ளும். அதையே க்யூநாப் பெட்டியில் போட்டால் அதற்கு அது அந்நிய டிஸ்க். துடைத்துவிட்டு உட்காரத்தான் பார்க்கும். ஒரே நிறுவனத்துக்குள்ளும் இடறல் உண்டு. க்யூநாபில் க்யூடிஎஸ் இயங்குதளம் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறையில், அதாவது டிஸ்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஒரு முறையில், எழுதுகிறது; க்யூடிஎஸ் ஹீரோவோ இசட்எஃப்எஸ் முறையில் எழுதுகிறது. முன்னதிலிருந்து பின்னதற்கு டிஸ்கை மாற்றிப் போட்டு வேலையாகாது, நகல்தான் எடுக்க வேண்டும்.

மாமா வேறு நிறுவனத்தின் பெட்டி வாங்கியிருந்தார். கடைக்காரர் "எந்த டிஸ்கும் போடலாம்" என்று சொன்னாராம். அது உண்மைதான். போடலாம். உள்ளே இருப்பது பிழைக்கும் என்று அவர் சொல்லவில்லை.

நிறுவனம் ஒன்றாக இருந்தும் இந்தக் கேள்வி வந்தால் மூன்றைப் பாருங்கள். எல்லா டிஸ்கும் உள்ளே இருக்கிறதா? பழைய வரிசையிலேயே இருக்கிறதா? பழைய பெட்டியின் மென்பொருள் ஆதிகாலத்துப் பதிப்பாக இருந்ததா? கடைசியது என்றால், பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே அதைப் புதுப்பித்துவிட்டுத்தான் டிஸ்கைக் கழற்ற வேண்டும். வரிசைக்கு நான் செய்வது இதுதான்: கழற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு டிஸ்கின் பக்கவாட்டிலும் காகித டேப் ஒட்டி, இடமிருந்து 1, 2 என்று பென்சிலால் எழுதி, அதன் வரிசை எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளையும் சேர்த்துவிடுவேன். டிஸ்கைத் தாங்கும் தட்டில் எழுதக் கூடாது, டிஸ்கில்தான். தட்டுகள் மாறிப்போகும்.

டிஸ்கைக் கணினியில் செருகினால் "ஃபார்மட் செய்ய வேண்டும்" என்கிறது

இது விண்டோஸின் அறியாமை, டிஸ்கின் நோய் அல்ல. பெரும்பாலான நாஸ் பெட்டிகள் எக்ஸ்ட்4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறையில் எழுதுகின்றன. விண்டோஸுக்கு அவற்றைத் தானாகப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாததை எல்லாம் காலி என்று நினைத்து ஃபார்மட் செய்யக் கேட்கிறது. 'ரத்து' கொடுத்துவிட்டு வெளியேறுங்கள்.

படிக்க வேண்டுமானால் லினக்ஸ் வேண்டும். உபுண்டுவை ஒரு பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே அதிலிருந்து மடிக்கணினியை இயக்கலாம். பெரும்பாலான வீட்டு நாஸ் பெட்டிகளின் அடியில் இருப்பது, பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்க்கும் லினக்ஸின் எம்டிஏடிஎம் முறைதான்; அதன் மேல் பல சமயம், இடத்தைப் பிரித்துக் கையாளும் எல்விஎம் என்ற அடுக்கும் இருக்கும். இரண்டுக்கும் உபுண்டுவில் கருவி உண்டு. படிக்க மட்டும் என்ற நிலையில் திறக்க வேண்டும், இதை விட்டுவிடாதீர்கள்.

மாமாவின் டிஸ்குகள் ரெய்டு 1, அதாவது ஒன்றில் இருப்பதே மற்றதிலும். அந்த வகையில் அவர் அதிர்ஷ்டசாலி. ஒரு டிஸ்கை மட்டும் திறந்தால் போதும். இன்னொன்றை நான் தொடவே இல்லை, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். தரவைப் பல டிஸ்குகளில் பிரித்து எழுதும் ரெய்டு 5 என்றால் அதிகபட்சம் ஒரு டிஸ்க் குறையலாம். மற்ற அனைத்தும் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

மலையிலிருந்து இறக்கிய டிஸ்கில் ஈரம்

"டிஸ்குகளையும் புதுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு சேலத்துக்கு வாருங்கள்" என்றேன். மறுநாள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். தெர்மோகோல் பெட்டிக்குள், துண்டில் சுற்றி, குழந்தையைப் போல மடியில் வைத்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கியிருக்கிறார். குலுங்கியதால் கெட்டிருக்குமோ என்பது அவருடைய பயம். அணைத்துவைத்த டிஸ்கில் படிக்கும் முனை, உள்ளே சுழலும் தட்டை விட்டு விலகி ஓரமாக நிற்கும். ஓடும்போது தாங்குவதைவிடப் பல மடங்கு அதிர்ச்சியை அப்போது தாங்கும். பஸ் பயணம் அதற்குப் பெரிய விஷயம் இல்லை.

எனக்குப் பயம் வேறு. கூடத்தில் துண்டைப் பிரித்ததும் டிஸ்கின் உலோக மேல்மூடி, குளிர்ந்த மோர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரைப் போல மங்கிக்கொண்டே வந்தது. விரலால் தடவினால் கோடு விழுந்தது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டரைத் தொடாது. அங்கே இரவெல்லாம் குளிர்ந்த உலோகம் இங்கே வெப்பமும் ஈரமுமான காற்றைத் தொட்டால் வியர்க்கத்தான் செய்யும். வெளியே வியர்ப்பது மேலே தெரிகிறது. அடியில் இருக்கும் மின்சுற்றுப் பலகை வியர்ப்பது தெரியாது. அந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால் நல்ல டிஸ்கும் போகும்.

வழி எளிது. பிரிக்காதீர்கள். உறையை மூடியபடியே அறையில் நான்கைந்து மணி நேரம் வையுங்கள். டிஸ்க் அறையின் வெப்பத்துக்கு வந்தபிறகு திறந்தால் ஈரம் படியாது. ஏற்கெனவே பிரித்துவிட்டீர்கள் என்றால் மின்விசிறிக்கு எதிரே வைத்துப் பொறுத்திருங்கள். வெயிலில் வைக்காதீர்கள், ஹேர் டிரையரும் வேண்டாம். மாமா பொறுமையில்லாமல் ஐந்து ரோடு வரை நடந்து போய்விட்டு வந்தார். மதியம் சாப்பிட்ட பிறகுதான் இணைத்தோம்.

மேலே ஏற்றும்போது இந்தத் தொல்லை இல்லை. சூடான பொருள் குளிர்ந்த காற்றில் வியர்க்காது. உயரத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். சாதாரண டிஸ்குகள் சுமார் 3,000 மீட்டர் வரை இயங்கக் கட்டப்பட்டவை.

டிஸ்க் சுற்றவே இல்லை, அல்லது 'டிக் டிக்' என்கிறது

டிக் டிக் என்று சீராகத் தட்டினால் உடனே அணையுங்கள். இன்னொரு முறை முயன்று பார்ப்பது, ஃப்ரீசரில் வைப்பது எல்லாம் வேண்டாம். இன்னொரு நகல் இருந்தால் அந்த டிஸ்கை மறந்துவிடுங்கள்; இல்லையென்றால் தரவு மீட்பு நிலையத்துக்கு மட்டுமே வேலை.

சத்தமே இல்லை, சுற்றவும் இல்லை என்றால் முதலில் டிஸ்கைத் தாங்கும் தட்டை வெளியே இழுத்து மீண்டும் 'கிளிக்' என்று கேட்கும் வரை தள்ளுங்கள். பாதிக் கோளாறுகள் அங்கேயே தீரும். அப்புறம் ஒரு விசித்திரமான காரணம் உண்டு: வெளியே வைத்துப் பயன்படுத்தும் யூஎஸ்பி டிஸ்கை உடைத்து உள்ளிருப்பதை எடுத்துப் போட்டிருக்கிறீர்களா? அவற்றில் சில, சாட்டா மின் இணைப்பின் மூன்றாவது முனையில் 3.3 வோல்ட் வந்தால் உறங்கிவிடும்படி செய்யப்பட்டவை. பழைய மின்வழங்கிகள் அந்த முனைக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த முனையைக் காப்டான் என்ற மின்கடத்தாத டேப்பால் மறைத்தால் டிஸ்க் விழித்துக்கொள்கிறது.

டிஸ்க் சுற்றுகிறது, ஆனால் எச்சரிக்கை காட்டுகிறது என்றால், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் மூன்று எண்களைப் பாருங்கள். 5ஆம், 197ஆம் வரிகள் ஏறிக்கொண்டே போனால் உள்ளே சுழலும் தட்டு தேய்கிறது. முக்கியமானதை முதலில் நகலெடுங்கள். 199ஆம் வரி மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிளோ இணைப்போதான் தளர்ந்திருக்கிறது; நல்ல டிஸ்கைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

நகல் ஆமை வேகத்தில் நகர்கிறது

என் வீட்டில் வந்தது இது. நொடிக்கு 11 மெகாபைட். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 110 மெகாபைட் அளவுக்குக் கிடைக்க வேண்டும். அதில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு வந்தால் எங்கோ ஓர் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. 3 டெராபைட்டை 110இல் அனுப்பினால் எட்டு மணி நேரத்துக்குள் முடியும். 11இல் அனுப்பினால் மூன்று நாளுக்கு மேல்.

ரவுட்டரை மாற்றுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். நெட்வொர்க் கேபிளில் எட்டுக் கம்பிகள். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்; 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். ஆகவே அந்த நான்கில் சேராத ஒரு கம்பி விட்டுப்போனால் இணைப்பு அறுந்துவிடாது, சத்தமில்லாமல் பத்தில் ஒன்றாக இறங்கிவிடும். என் கேபிளின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் முனைக்குள் பழுப்புக் கம்பி மட்டும் கடைசிவரை எட்டாமல் பாதியிலேயே நின்றிருந்தது. வீடு கட்டும்போது வயரிங் வேலை செய்தவர் போட்ட முனை. ஆறு வருடமாக யாருக்கும் தெரியவில்லை. இணையம் மட்டும் பார்த்தால் தெரியவும் தெரியாது.

கேபிள் சரி, முதல் அரை மணி நேரம் வேகமாகப் போய்ப் பிறகு படுத்துவிடுகிறது என்றால் டிஸ்க் எஸ்எம்ஆர் வகையா என்று பாருங்கள். அதில் தடங்கள் ஓட்டு வீட்டுக் கூரையைப் போல ஒன்றன் மேல் ஒன்று ஏறி இருக்கும். ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் பக்கத்து ஓடுகளையும் எடுக்க வேண்டும். ரெய்டு மறுகட்டமைப்பின்போது, அதாவது மாற்றிப் போட்ட டிஸ்கில் தரவை மறுபடி எழுதும்போது, இது உயிரை வாங்கும். நாஸுக்கென்று விற்கப்பட்ட 2 முதல் 6 டெராபைட் 'ரெட்' டிஸ்குகளில் சில எஸ்எம்ஆர் என்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020இல் வெளிப்படையாகச் சொல்ல வேண்டி வந்தது. வாங்கும்போது, தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாத வகையான சிஎம்ஆர் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வைஃபையில் நகலெடுக்கிறவர்களுக்கு: வேண்டாம்.

நகல் பாதியில் நிற்கிறது. குறிப்பிட்ட சில கோப்புகள் மட்டும் போகவில்லை

தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கென்றே உள்ள கோளாறு இது. அக்கா தன் படங்களுக்கு முழு வாக்கியமாகப் பெயர் வைப்பாள்: யார் வீட்டுக் கல்யாணம், எந்த மண்டபம், யார் யார் நிற்கிறார்கள், யார் வரவில்லை என்பது வரை. விண்டோஸ் அதை ஏற்றுக்கொண்டது. நாஸ் மறுத்தது.

விண்டோஸ் கோப்புப் பெயரை எழுத்துக் குறியாக எண்ணுகிறது; 255 வரை போகலாம். எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் இரண்டும் பைட்டாக எண்ணுகின்றன. வரம்பு 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 'சேலம்' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என்று ஐந்து. அதாவது 15 பைட். 'ஏற்காடு' 21 பைட். மொத்தத்தில் 85 குறிகளுக்கு மேல் தமிழ்ப் பெயர் நீளக் கூடாது. சினாலஜியில் மறையாக்கம் செய்த கோப்புறை என்றால் வரம்பு 143 பைட். தமிழில் 47 குறிதான். பெயரைச் சுருக்குவது தவிர வேறு வழியில்லை. யார் வரவில்லை என்ற பகுதியை வெட்டச் சொன்னேன். அக்காவுக்கு வருத்தம்தான்.

இதன் தம்பிக் கோளாறு இன்னொன்று: 'கொலுசு' என்ற கோப்புறை பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தெரிகிறது, இரண்டும் கண்ணுக்கு ஒன்றேபோல் இருக்கின்றன. 'கொ'வை ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என இரண்டு குறியாகவும் எழுதலாம். யூனிகோடு இரண்டையும் சமம் என்கிறது. லினக்ஸ் கோப்பு முறைக்கு அவை வேறு வேறு. பழைய மேக் கணினிகள் பிரித்தே எழுதிவைக்கும். தேடினால் கிடைக்காததும் இதனால்தான். இரண்டின் உள்ளடக்கத்தையும் ஒப்பிட்டுவிட்டு, ஒரே கணினியில் உட்கார்ந்து ஒரே பெயருக்கு மாற்றுங்கள். ஒப்பிடாமல் ஒன்றை அழித்துவிடாதீர்கள்.

நகல் நிற்காமல் 'ஓடிக்கொண்டே' இருந்து எதுவும் நகரவில்லை என்றால், விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியைத்தான் சந்தேகிப்பேன். ஒரு கோப்பு போகவில்லையென்றால் 30 நொடிக்கு ஒரு முறை, 10 லட்சம் முறை முயல வேண்டும் என்பது அதன் இயல்பு அமைப்பு. கணக்குப் போட்டால் பதினொரு மாதத்துக்கு மேல். முயற்சியையும் காத்திருப்பையும் 1 என்று குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். அதன் 'மிர்' தெரிவை மட்டும் கை நடுங்கத் தொடுங்கள்: சேருமிடத்தை மூலத்தின் பிரதிபிம்பமாக்குவது அதன் வேலை. இரண்டு இடமும் மாறிப்போய், காலியான புதுப் பெட்டி மூலமாகிவிட்டால் உங்கள் பழைய டிஸ்கும் காலியாகும்.

எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை

முதலில் பதற வேண்டாம். 4 டெராபைட் டிஸ்கை விண்டோஸ் 3.63 என்று காட்டும். டிஸ்க் செய்தவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024ஆல். பழைய பெட்டி குப்பைத் தொட்டியையும் சிறுபடங்களையும் சேர்த்து எண்ணியிருக்கலாம். ஆகவே மொத்த அளவை விட்டுவிட்டுக் கோப்புறைவாரியாகக் கோப்புகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். பிறகு முக்கியமான கோப்புறைகளுக்கு ஷா-256 கைரேகை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஓர் அடையாள எண்) எடுத்து இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். மாறியவற்றை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்க் என்ற கருவியைப் பயன்படுத்துபவர்கள், உள்ளடக்கத்தை ஒப்பிடும் தெரிவோடு, எதையும் எழுதாத ஒத்திகை மட்டும் ஓட்டினால் வேறுபடும் கோப்புகளின் பட்டியல் கிடைக்கும். மெதுவாகத்தான் ஓடும், ராத்திரி விட்டுவிட்டுத் தூங்குங்கள்.

பழைய கணக்குகளைத் திறந்தால் புரியாத ஆங்கிலக் குறிகள் தெரிகின்றனவா? கோப்பு கெடவில்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை அவை. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். படங்கள் எல்லாம் இன்றைய தேதியைக் காட்டினாலும் படம் எடுத்த தேதி பெரும்பாலும் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். ஆனால் எல்லா ஆவணங்களுக்கும் அந்த வசதி இல்லை. தேதியைக் காக்கும் தெரிவோடு மறுபடி நகலெடுங்கள்.

கணினியிலிருந்து புதுப் பெட்டிக்குள் நுழைய முடியவில்லை

பழையதும் புதியதும் ஒரே பெயரில் ஒரே நேரத்தில் ஓடினால் கணினி குழம்பும். ஒன்றின் பெயரை மாற்றுங்கள். விண்டோஸ் பழைய கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு அதையே நீட்டிக்கொண்டிருக்கலாம். கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் விண்டோஸின் சான்று மேலாளரில் போய் அந்தப் பதிவை நீக்குங்கள். நேர்மாறாக, புதிய கணினியிலிருந்து பழைய பெட்டிக்குள் நுழைய முடியவில்லை என்றால் அது, கோப்புகளைப் பகிர விண்டோஸ் பேசும் எஸ்எம்பி மொழியின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1 மட்டும் பேசும் பெட்டியாக இருக்கும். 2017க்குப் பிந்தைய விண்டோஸ் பதிப்புகளில் அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு இன்னும் கறார்: எஸ்எம்பி கையொப்பம் கட்டாயம், கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவு கிடையாது. பெட்டியில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கி நுழையுங்கள். கணினியின் பாதுகாப்பைத் தளர்த்தாதீர்கள்.

மின்சாரம் போய் வந்தால் பெட்டி மறுபடி தொடங்குகிறது

"இன்வெர்ட்டர் இருக்கிறதே" என்பார்கள். வீட்டு இன்வெர்ட்டரின் பின்பக்கம் அல்லது முன்பக்கம் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும்: சாதாரண நிலை, யூபிஎஸ் நிலை. சாதாரண நிலையில் மாறும் அந்தக் கண்ணிமைப் பொழுதே பெட்டிக்கு அதிகம், மின்விசிறிக்குத் தெரியாது. யூபிஎஸ் நிலைக்குத் தள்ளுங்கள். மலையில் இதுவும் போதாது. நாஸோடு யூஎஸ்பி கேபிளால் பேசும் சிறிய யூபிஎஸ் ஒன்றை வைத்தால், பேட்டரி தீர்வதற்குள் பெட்டி தானாக முறைப்படி அணைந்துகொள்ளும். ரெய்டு இருக்கிறதே என்பவர்கள், ஒரே இடி இரண்டு டிஸ்கையும் சேர்த்து எடுக்கும் என்பதை யோசிக்க வேண்டும்.

ராத்திரி ஒத்திசைவு ஒவ்வொரு நாளும் எல்லாவற்றையும் முதலிலிருந்து அனுப்புகிறது

மாமாவின் தரவு புதுப் பெட்டிக்கு ஏறி, சரிபார்த்தும் ஆயிற்று. இனி என் நகல் அவர் வீட்டிலும், அவருடையது என் வீட்டிலும் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். 3 டெராபைட்டை ஏற்காட்டு இணையத்தில் அனுப்ப முடியாது என்பதால், அவருடைய பெட்டி சேலத்தில் இருக்கும்போதே கேபிளில் முதல் நகலை எடுத்துவிட்டோம். டிஸ்குகளைக் கழற்றித் தனித்தனியாகச் சுற்றி மலைக்கு ஏற்றியாயிற்று. இனி மாறியவை மட்டும் இணையத்தில் போக வேண்டும்.

போகவில்லை. முதல் இரவே மறுபடி எல்லாம் கிளம்பிவிட்டது. அக்கா காலையில் அழைத்து, "வீட்டில் யாருக்கும் இணையம் வரவில்லை, என்ன செய்து வைத்திருக்கிறாய்?" என்றாள்.

ஆர்சிங்க் அளவையும் திருத்திய நேரத்தையும் ஒப்பிட்டுத்தான் எதை அனுப்புவது என்று முடிவு செய்யும். முதல் நகலில் நேரம் காக்கப்படாமல் இருந்தால் எல்லாமே புதிதாகத் தெரியும். அதைப் பார்த்தேன், சரியாக இருந்தது. பிறகு மலையில் இருக்கும் பெட்டியைத் திறந்தால், 'பட்டறை' கோப்புறைக்குள் இன்னொரு 'பட்டறை' முளைத்துக்கொண்டிருந்தது. மூலத்தின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டால் அதன் உள்ளே இருப்பவை போகும். போடாவிட்டால் அந்தக் கோப்புறையே ஒரு படி உள்ளே போய் உட்காரும். முதல் நாள் கேபிளில் எடுத்தபோது போட்டிருந்தேன், இரவுக் கட்டளையில் விட்டுவிட்டேன்.

உள்ளே முளைத்ததை நீக்கி, சாய்கோட்டைச் சேர்த்து, ஒத்திகை ஓட்டிப் பார்த்துவிட்டு விட்டேன். அன்றிரவு மலைக்குப் போனவை பதினெட்டுக் கோப்புகள்.